கிருமி நலமாக உள்ளது

எங்கள் ஊரில் விழிச்சுடர்க் கழகம் என்று ஒன்று இருந்தது. பார்வை இல்லாதவர்களுக்கும் அது இருப்பது தெரியும். அதன் ஒலிபெருக்கி அப்படி. செங்கம் ரோட்டில் ஓர் ஓட்டுக் கட்டடம், அதன் வாசலில் கட்டடத்தைவிடச் சற்றே பெரிய போர்டு. வாரத்தில் மூன்று நாள் இலவசக் கண் சிகிச்சை. கண்ணைப் பார்ப்பதற்கு முன் சில காரியங்கள் முடிய வேண்டும். முதலில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். அதை ஒரு பெரிய மனிதர்தான் ஏற்ற வேண்டும். மலைக்காற்றில் விளக்கு அணைந்துபோனால் கடவுள் வாழ்த்திலிருந்து மறுபடி தொடங்குவார்கள். அது முடிந்ததும் நோயாளிகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி போட்டோ எடுப்பார்கள். கண்வலிக்காரன் வெயிலில் எங்கே கண்ணைத் திறப்பான்? அதனால் கழகத்தின் எல்லாப் படங்களிலும் நோயாளிகள் கண்ணை மூடிக்கொண்டும் நிர்வாகிகள் கண்ணைத் திறந்துகொண்டும் இருப்பார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்தது, பின் எடுத்தது என்ற வித்தியாசம் அந்தப் படங்களில் தெரியாது.

கழகத்தின் செயலாளர் அருணகிரி, ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நோயாளி வந்தாலும் கண்ணுக்கு நாலு எல்லை கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் அவரை விடவில்லை. வடக்கே புருவம், தெற்கே கன்னம். டாக்டர் ராஜமாணிக்கம் படித்தவர், நல்ல பேச்சாளர். இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் ஊரில் இரண்டு கட்சி உண்டு. இவர்களைத் தவிர மூர்த்தி என்று ஒரு கம்பவுண்டர் இருந்தார். நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பவர் அவர். ஆகவே மேடையில் அவருக்கு நாற்காலி கிடையாது.

வருஷா வருஷம் ஆண்டு விழா முடிந்து தை மாதத்தில் கழகம் ஒரு மலர் வெளியிடும். அது தேரடித் தெருவில் ஆதிமூலம் நடத்திய அச்சகத்தில் அச்சாகும். அங்கே எழுத்துக் கோப்பவர் ஜானி பாஷா. இருபது வருஷ சர்வீஸ். மேட்டரில், அதாவது அச்சுக்கு வருகிற கையெழுத்துப் பிரதியில், என்ன இருக்கிறதோ அதைக் கோப்பதுதான் தன் வேலை என்பார். இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை விடுவதும் அவருக்கு ஹராம். ஒரு முறை போளூர்ப் பக்கத்திலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் பிப்ரவரி முப்பதாம் தேதி என்று எழுதியிருந்தார்கள். அப்படியே கோத்துக் கொடுத்தார். பெண் வீட்டார் சண்டைக்கு வந்தபோது மேட்டரை எடுத்துக் காட்டினார். சண்டை ஓய்ந்தது. தேதி சொன்ன ஜோசியரை நோக்கி அவர்கள் போய்விட்டார்கள்.

கழகத்தின் மலரை எட்டு வருஷம் ஜானி பாஷாதான் கோத்தார். 'ஏழையின் கண் எங்கள் கண்', 'ஒரு விழியில் ஒளி குன்றினால் கழகத்தின் விளக்கே குன்றும்' என்பதெல்லாம் அவர் கையால் ஈய எழுத்துகளாக ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி அடுக்கியவை. மேடைப் பேச்சைக் கேட்பவன் கை தட்டிவிட்டு மறந்துவிடலாம். ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டு எடுத்து வைத்தவனுக்கு அந்த வசதி இல்லை. ஊரிலேயே கழகத்தை முழுக்க நம்பியவர் ஒருவர் உண்டு என்றால் அது ஜானி பாஷாதான். நிர்வாகிகளைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் அவருடைய மச்சான் மஸ்தான் இறந்துபோனார். அடக்கத்துக்காகக் கபர்ஸ்தானுக்கு வந்தவர்கள் எல்லோரும் வழக்கப்படி மூன்று கைப்பிடி மண் அள்ளிப் போட்டார்கள். ஆடிக் காற்று யாருடைய மண் என்று பார்க்கவில்லை. ஒரு பிடியைத் தூக்கி ஜானி பாஷாவின் வலது கண்ணில் அடித்தது. அவர் கசக்கினார். துக்க வீட்டில் கண் சிவந்திருந்தால் யார் கேட்பார்கள்?

பதினைந்து நாள் ஆன பிறகும் சிவப்பு போகவில்லை. மனைவி மெஹ்ருன்னிசா பன்னீர் விட்டுப் பார்த்தாள். வெளிச்சத்தைப் பார்த்தால் ஊசி குத்தியது. அச்சகத்தில் எட்டு பாயிண்ட் என்கிற பொடி எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. கம்போசிட்டருக்கு எட்டு பாயிண்ட் தெரியாவிட்டால் சோறு தெரியாது. ஆதிமூலம், "பாஷா, நீ கோத்துக் குடுத்த சங்கம்தானே, போய்க் காட்டிட்டு வா" என்று அனுப்பினார்.

ஜானி பாஷா விளக்கு ஏற்றும்வரை நின்றார். போட்டோவுக்கும் நின்றார். டாக்டர் கண்ணைப் பார்த்தார். கருவிழியின் மேல் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக மாலை கோத்ததுபோல் நின்றன. டாக்டர் கொஞ்சம் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, சென்னைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார். "பதில் வர்ற வரைக்கும் பாய்க்கு எதையாவது குடுத்து அனுப்பு" என்று மூர்த்தியிடம் சொல்லிவிட்டு அடுத்த கண்ணுக்குப் போனார்.

மூர்த்தியிடம் அன்றைக்கு இருந்த எதையாவது என்பது சல்பா சொட்டு மருந்து ஒன்றுதான். இருப்பதிலேயே சாதாரணமான மருந்து. மணிக்கு ஒரு தரம் இரண்டு சொட்டு என்றார். ஜானி பாஷா அதையும் மேட்டர் போல எடுத்துக்கொண்டார். மணிக்கு ஒரு தரம் என்றால் மணிக்கு ஒரு தரம். ஏழாம் நாள் சிவப்பு வடிந்தது. புள்ளிகள் மங்கின. எட்டாம் நாள் அச்சகத்துக்குப் போய் ஓட்டல் மணியம்மாளின் மெனு கார்டு ஒன்றை எட்டு பாயிண்டில் பிழையில்லாமல் கோத்தார். இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். நியாயமான ஊராக இருந்தால் முடிந்திருக்கும்.

நாலாவது வாரம் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அதைப் படித்த டாக்டர் ராஜமாணிக்கம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு இரண்டாம் தரம் படித்தார் என்று மூர்த்தி பின்னால் சொன்னார். கண்ணில் இருந்தது நோகார்டியா என்கிற கிருமியாம். மண்ணில் கிடப்பது. கண்ணுக்கு வருவது மிக அபூர்வம். வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து இதுவே தங்கள் பார்வைக்கு வந்த முதல் கண் என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மாலையே அருணகிரி தேரடித் தெருவுக்கு மாலையோடு வந்துவிட்டார். அச்சகத்து வாசலில் ஜானி பாஷாவுக்கு மாலை விழுந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கை கொடுத்தார்கள். ஜானி பாஷாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் மாலை போடுகிறவர்களிடம் எதற்கு என்று கேட்பது மரியாதை இல்லையே.

மறுநாள் கழகத்தின் அவசரக் கூட்டம். கார்த்திகை தீபத்துக்கு முந்தின ஞாயிறு ஆண்டு விழா. அதற்குச் சென்னையிலிருந்து இரண்டு பேராசிரியர்களை வரவழைத்து, கிருமியை அது குடியிருக்கும் கண்ணிலேயே காட்டுவது என்று தீர்மானம் ஆயிற்று. இந்த மாதிரி ஒன்று வேலூரில்கூட இல்லை என்று அருணகிரி இரண்டு தரம் சொன்னார். பிறகு ஜானி பாஷாவை உள்ளே கூப்பிட்டு டாக்டர் விளக்கைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"என்ன பாய் இது, குறைஞ்சிருக்கு?"

"ஆமாங்க சார். உங்க புண்ணியத்துல நல்லா கம்மி ஆயிடுச்சிங்க."

டாக்டர் மூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார். அன்றே மூர்த்திக்கு ஒரு மெமோ வந்தது. 'மேலதிகாரியின் உத்தரவின்றி நோயாளியைக் குணப்படுத்த முற்பட்டது ஏன் என்பதற்கு மூன்று தினங்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.' கழகத்தின் வரலாற்றில் குணப்படுத்தியதற்காக அதுவரை யாருக்கும் மெமோ கொடுத்ததில்லை. அப்படி ஒரு சந்தர்ப்பம் அதிகம் வந்ததும் இல்லை.

ஜானி பாஷாவிடம் டாக்டர் தன்மையாகத்தான் பேசினார். கண் எங்கும் போய்விடாது, விழாவரை மருந்தை நிறுத்தி வைத்தால் போதும், விழா முடிந்த அன்றே சிகிச்சை தொடங்கி ஒரே வாரத்தில் சரி செய்துவிடலாம் என்றார். அருணகிரி அதை எழுத்திலும் கொடுத்தார். கழகத்தின் முத்திரை போட்ட தாளில் இரண்டு வரி: 'மறு உத்தரவு வரும்வரை மேற்படி கண்ணில் மருந்து எதுவும் இடக்கூடாது. விழா நிறைவுற்றதும் பூரண குணமாக்கித் தரப்படும்.' கீழே டாக்டரின் கையெழுத்து. மருந்துப் புட்டி பறிமுதலாயிற்று. அதில் முக்கால் மருந்து மீதம் இருந்ததாக மகஜர் எழுதி ஜானி பாஷாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஜானி பாஷா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுத்தில் இருக்கிறது. அவருக்கு அது போதும்.

மெஹ்ருன்னிசாவுக்குப் போதவில்லை. அவள் வீட்டில் உருதுவில்தான் பேசுவாள். கோபம் வந்தால் தெருவுக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு மாறிவிடுவாள். அன்றைக்குத் தெரு முழுக்கப் புரிந்தது. "கண்ணுல பூச்சி வளக்கறதுக்கு சங்கமா? ஆட்ட வளக்கறான், மாட்ட வளக்கறான், இத யாராவது வளப்பானா?"

"டாக்டர் எழுத்துல குடுத்திருக்காரு" என்றார் ஜானி பாஷா.

புரட்டாசியில் புள்ளிகள் திரும்பி வந்தன. ஐப்பசியில் மாலை முன்னைவிடப் பெரிதாகக் கட்டிவிட்டது. டாக்டருக்கு ஒவ்வொரு வாரமும் முகம் தெளிந்தது. கிருமிக்கு ஆபத்து வராமல் இருக்க ஜானி பாஷாவைக் கழகத்திலேயே தங்க வைத்தார்கள். கட்டிலின் மேல் ஒரு அட்டை. அதில் நோகார்டியா என்று பெரிய எழுத்தில் கிருமியின் பெயர் இருந்தது. அது தங்கியிருந்தவரின் பெயருக்கு இடம் இல்லை. பார்வையாளர் புத்தகம் ஒன்று போட்டார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர்கள் வந்து பார்த்து 'பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதினார்கள். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் நெடுநேரம் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்து, மனம் அடங்கிவிட்டதாகச் சொல்லி, கும்பிட்டுவிட்டுப் போனார்.

நோயாளிக்கான விதிகளை அருணகிரி தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார். கண்ணைக் கசக்கக்கூடாது. தண்ணீர் படக்கூடாது. அழக்கூடாது, கண்ணீரில் கிருமி அடித்துக்கொண்டு போக வாய்ப்பு உண்டு. தொழுகைக்கு முன் முகம் கழுவ வேண்டுமே என்று ஜானி பாஷா தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்காக ஒரு உபகுழு கூடியது. தண்ணீர் ஆகாத நோயாளி சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்தைத் தடவிக்கொண்டால் போதும் என்று மார்க்கத்தில் இடம் இருப்பதை ஜானி பாஷாவே சொன்னார். மண் என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது மிக விஞ்ஞானபூர்வமான ஏற்பாடு என்று பாராட்டி, அந்தக் கபர்ஸ்தானிலிருந்தே ஒரு சட்டி மண் கொண்டுவரச் செய்தார். ஜானி பாஷா அந்தச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவரின் புழுதியைத் தொட்டு முகத்தைத் தடவிக்கொண்டார். கழகத்தின் சொல்லை அவர் மீறியது அந்த ஒரு விஷயத்தில்தான். மச்சான் கபரின் மண்ணை முகத்தில் பூச அவருக்கு மனம் வரவில்லை.

வலி ஏறியது. தலையின் வலது பாதி தனியாகக் கழன்று விழுந்தால் தேவலை என்றிருந்தது. ஒரு மத்தியானம் மூர்த்தி சாப்பாட்டு கேரியரின் கீழடுக்கில் ஒரு சொட்டு மருந்துப் புட்டியை வைத்துக் கொண்டுவந்தார்.

"பாய், இத போட்டுக்குங்க. நான் கதவாண்ட நிக்கிறேன். எவனும் வரமாட்டான்."

ஜானி பாஷா புட்டியைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் மூர்த்தி. உனுக்கு ஏற்கனவே ஒரு மெமோ வந்துடுச்சி. டாக்டர் கையெழுத்து போட்டு குடுத்திருக்காரு. விழா முடிஞ்சா அவரே சரி பண்ணிடுவாரு. நாம ஏன் நடுவுல கை வைக்கணும்?"

மூர்த்தி வற்புறுத்திப் பார்த்தார். ஜானி பாஷா சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது. தாளைப் பார்த்த மூர்த்தி கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் தெரிந்து மெஹ்ருன்னிசா நேரே டாக்டரிடம் போனாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முடிந்தவரை பணிவாகவே கேட்டாள். "சார், ஏழு நாள்ல கம்மியான நோவு, இப்ப ஜாஸ்தி ஆயி சோறு தண்ணி இல்லாம கெடக்கறாரு. அந்த சொட்ட குடுத்துடுங்க. உங்க விழாவுக்கு அவரு வந்து நிப்பாரு, நான் கூட்டியாறேன்."

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். அவருக்கு யார் வந்தாலும் கூட்டம்தான்.

"அம்மா, நீங்க பாசத்துல பேசறீங்க. நான் சயின்ஸ்ல பேசறேன். கண்ணு ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு இருக்கு. இந்தக் கிருமி இந்த மாவட்டத்துலயே ஒருத்தர்கிட்டதான் இருக்கு. எதைக் காப்பாத்தணும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்க வீட்டுக்காரர் பேரு சென்னை வரைக்கும் போகப் போகுது."

பேர் எங்கே போகிறது, அட்டையில் கூட இல்லையே என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் உருது. கோபத்தையும் தாண்டிப் போனால் அவள் திரும்ப உருதுவுக்குப் போய்விடுவாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அருணகிரி நடவடிக்கைப் புத்தகத்தில், 'நோயாளியின் துணைவியார் நேரில் வந்து மகிழ்ச்சி தெரிவித்தார்' என்று பதிந்தார்.

தீபத்துக்கு முந்தின ஞாயிறு வந்தது. பேராசிரியர்கள் வரவில்லை. தீபக் கூட்டத்தில் ஊரில் ஒரு லாட்ஜிலும் ரூம் இல்லை. பேராசிரியர்களைச் சத்திரத்தில் படுக்க வைப்பது கிருமிக்கே அவமானம் என்று அருணகிரி கருதினார். விழா மார்கழிக்குத் தள்ளிப்போயிற்று. மூன்று வாரம். கிருமி காத்திருந்தது. அதற்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. மலை மேல் தீபம் ஏறிய அன்று ஊரே அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஜானி பாஷா கழகத்தின் ஜன்னல் வழியே இடது கண்ணால் பார்த்தார். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தார். அவ்வளவு பெரிய தீபம் தெரியவில்லை.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. விழா முடிந்தால் சரியாகிவிடும்.

மார்கழியில் ஒரு வழியாக விழா நடந்தது. விளக்கு ஏற்றினார்கள். மூன்று தரம் அணைந்தது. வரவேற்புரையில் அருணகிரி, அக்கினித் தலமாகிய இவ்வூருக்குக் கோயிலால் ஒரு பெருமை, மகான்களால் ஒரு பெருமை, இப்போது கிருமியால் மூன்றாவது பெருமை என்றார். டாக்டர் ராஜமாணிக்கம் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் ஒரு பகுதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "இந்தக் கிருமியை அழிப்பது எளிது. ஒரு சாதாரணச் சொட்டு மருந்தால், ஒரு சாதாரணக் கம்பவுண்டரால், ஏழே நாளில் அழித்துவிட முடியும். அழிக்க வந்ததா இந்தக் கழகம்? இல்லை! காக்க வந்தது! நான்கு மாத காலம் கண்ணை இமை காப்பதுபோல் இந்தக் கிருமியை நாங்கள் காத்து வந்திருக்கிறோம்!" பலத்த கைத்தட்டல். நானும் தட்டினேன். பக்கத்தில் எல்லோரும் தட்டினார்கள்.

ஜானி பாஷாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பேராசிரியர்கள் ஆளுக்கு ஒரு நிமிஷம் குனிந்து கண்ணைப் பார்த்தார்கள். மூத்தவர் நிமிர்ந்து, புள்ளி மாலை இப்போது இல்லை, எல்லாம் ஒன்றாகிக் குழிவிழுந்துவிட்டது, முன்னாலேயே காட்டியிருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அருணகிரி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மைக்கில் நன்றி சொன்னார். ஓரத்தில் சுரண்டியதில் கிருமி உயிரோடு கிடைத்தது. அதைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, பேராசிரியர்களின் காரில் மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். ஜானி பாஷா பொன்னாடையோடு வீட்டுக்கு நடந்தார். வழியில் ஒரு சைக்கிள்காரர் வலது பக்கமாக வந்தார். தெரியவில்லை. இடித்துக்கொண்டார்.

சொன்ன சொல்லைக் கழகம் காப்பாற்றியது என்பதையும் எழுத வேண்டும். அன்றே மருந்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே புட்டி, முக்கால் அளவு, மகஜரில் கண்டபடி. ஜானி பாஷா மணிக்கு ஒரு தரம் போட்டார். ஏழு நாள் போட்டார். பதினாலு நாள் போட்டார். சிவப்பு போயிற்று, வலி போயிற்று. கருவிழி மட்டும் வெந்த முட்டை போல வெளுத்து நின்றது. டாக்டரிடம் போனார்.

"கிருமி சுத்தமா போயிடுச்சு பாய். சிகிச்சை வெற்றி."

"பார்வை எப்ப சார் வரும்?"

"இது தழும்பு. இதுல பார்வை வராது." டாக்டர் விளக்கை அணைத்தார். "ஆனா நோய் இல்ல."

ஜானி பாஷா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். கிழிசல் வழியே இரண்டு துண்டாகிவிட்டிருந்தது. மேசை மேல் ஒட்ட வைத்துக் காட்டினார். பூரண குணமாக்கித் தரப்படும் என்ற இடத்தில் விரலை வைத்தார். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "குணமாயிடுச்சே" என்றார்.

வீட்டுக்கு வந்தும் ஜானி பாஷா அழவில்லை. அழக்கூடாது என்ற விதி அப்போது இல்லை, இருந்தாலும் அழவில்லை. கண் போனது அவருக்குத் தாங்கக்கூடிய கஷ்டமாகத்தான் இருந்தது. பன்னீர் விட்டே கெடுத்துக்கொண்டவர்கள் ஊரில் உண்டு, விதி என்று விட்டிருப்பார். எட்டு வருஷமாகத் தன் கையால் எடுத்து எடுத்து அடுக்கிய வார்த்தைகள் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன்னைக் கெடுத்ததுதான் தாங்கவில்லை. மூர்த்தியின் கையில் புட்டி இருந்ததே, கதவாண்ட நிக்கிறேன் என்றானே என்பதும் தாங்கவில்லை. மெஹ்ருன்னிசாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நம்பிட்டேன்."



ஆதிமூலம் நல்ல முதலாளி. ஒற்றைக் கண்ணோடு வந்தவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பெரிய எழுத்து வேலையாகப் பார்த்துக் கொடுத்தார். தை பிறந்தது. கழகத்தின் மலருக்கு மேட்டர் வந்தது. அதை வேறு அச்சகத்துக்கு அனுப்பிவிடட்டுமா என்று ஆதிமூலம் கேட்டார். ஜானி பாஷா, எட்டு வருஷம் கோத்தேன், இதையும் நானே கோக்கிறேன் என்றார்.

நடுப்பக்கத்தில் டாக்டர் ராஜமாணிக்கத்தின் கட்டுரை. கபர்ஸ்தான் மண்ணிலிருந்து ஐஸ் பெட்டிவரை கிருமியின் வரலாறு. 'நோயாளி: ஆண், வயது நாற்பத்தொன்று, கூலி. நோயாளியும் குடும்பத்தாரும் முழு ஒத்துழைப்பு நல்கினர். தற்போது கிருமி சென்னையில் நலமாக உள்ளது.' அதோடு கட்டுரை முடிந்தது. ஜானி பாஷா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெற்றுத் தாள். கடைசிப் பக்கம் எங்காவது விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, மேட்டரை எடுத்துக்கொண்டு கழகத்துக்கே போனார்.

"சார், இதுல ஒரு வரி வுட்டுப்போச்சு போல இருக்கு."

"எந்த வரி?"

"கண்ணு இன்னா ஆச்சின்ற வரி."

டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்கள் சிரிப்பது போல. "கட்டுரை கிருமியப் பத்தினது பாய். கண்ணு அதுல சப்ஜெக்ட் இல்ல. இருக்கறத அப்படியே கோத்துடுங்க."

ஜானி பாஷா திரும்பி வந்து இருப்பதை அப்படியே கோத்தார். வழக்கமாக ஒரு நாளில் முடியும் வேலைக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒற்றைக் கண்ணுக்கு எட்டு பாயிண்ட் எழுத்து கிட்டேயும் தெரியவில்லை, தூரவும் தெரியவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தார். 'நலமாக உள்ளது' என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தார். பிறகு, இருபது வருஷத்தில் முதல் தடவையாக, மேட்டரில் இல்லாத வரியைக் கோத்தார்: 'கிருமி குடியிருந்த கண் போய்விட்டது. அது ஏழு நாளில் குணமாகி வந்தபோது மருந்தை நிறுத்தச் சொன்னவன் இக்கட்டுரையை எழுதிய நான்தான்.'

இது தெரிந்தால் வேலை போகும், ஆதிமூலத்துக்கும் பெயர் கெடும் என்று தெரியும். இருந்தும் பக்கத்தைக் கட்டி, மை தடவி, பிழை பார்ப்பதற்கான புரூஃப் எடுத்து, மற்ற பக்கங்களோடு கழகத்துக்கு அனுப்பினார். அருணகிரி வருவார், டாக்டர் வருவார், சத்தம் போடுவார்கள். போடட்டும். அப்போது ஊர் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளைக்கூட மனதுக்குள் கோத்து வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் புரூஃப் திரும்பி வந்தது. விளம்பரப் பக்கத்தில் அரிசி மில் பெயர் சின்னதாக இருக்கிறது, பெரிதாக்கவும் என்று அருணகிரி குறித்திருந்தார். டாக்டரின் கட்டுரை ஓரத்தில் பச்சை மையில்: 'பிழை ஏதும் இல்லை. அச்சிடலாம். ராஜமாணிக்கம்.'

ஐந்நூறு பிரதி அச்சாயிற்று. பெரிய மனிதர்களுக்கெல்லாம் போயிற்று. ஒவ்வொருவரும் தன் போட்டோ உள்ள பக்கத்தைப் பார்த்து மூடி வைத்தார். சென்னைக்குப் பத்துப் பிரதி போயிற்று. கட்டுரை அருமை என்று அங்கிருந்து பாராட்டுக் கடிதமே வந்தது. ஜானி பாஷா ஒரு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. மெஹ்ருன்னிசாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவளுக்கு மட்டும் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, "திரும்ப படிங்க" என்றாள். திரும்பப் படித்தார். ஐந்நூறு பிரதியில் அந்த ஒன்றுதான் படிக்கப்பட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த தை மாதம் மலருக்கு மேட்டர் வந்தது. அந்த வருஷம் கழகத்துக்குப் புதிதாகக் கிருமி எதுவும் கிடைக்கவில்லை. அதனால் டாக்டர் போன வருஷத்து மலரிலிருந்தே நடுப்பக்கத்தைக் கிழித்து, குண்டூசி குத்தி அனுப்பியிருந்தார். மேலே பச்சை மையில் எழுதியிருந்தது: 'சிறப்பு மறுபதிப்பு. ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். அப்படியே கோக்கவும்.'

ஜானி பாஷா தாளை இடது கண்ணுக்குக் கிட்டே வைத்துக் கடைசி வரி வரை படித்தார். என்ன பாஷா, ஏதாவது விட்டுப்போயிருக்கா என்று ஆதிமூலம் கேட்டார்.

"இல்ல மொதலாளி, இந்த வாட்டி எல்லாம் மேட்டர்லயே இருக்கு" என்று சொல்லிவிட்டு, எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைக் கையில் எடுத்தார்.